பார்டன் மில் கிராமமும் விண்டோலாண்டா ரோமானியக் கோட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து போகிறவர்களில் பலர் ரோமானியர் காலத்து எச்சங்களைப் பார்க்க பாத் நகரத்துக்குப் போவார்கள். இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் வடக்கே ரோமானியர்கள் எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்த்துவிட்டு வருவார்கள். சுவருக்குச் சற்றுத் தெற்கே, மேய்ச்சல் நிலத்தின் நடுவில் இருக்கும் விண்டோலாண்டாவையும் அதன் அடிவாரக் கிராமமான பார்டன் மில்லையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பார்டன் மில் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்தில், தெற்கு டைன் ஆற்றின் பள்ளத்தாக்கில். நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் ரயில் பாதையில், ஹெக்ஸாம், ஹால்ட்விசில் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே ஒரு சிறிய நிலையம். சில நூறு பேர் வாழும் ஊர். ஒரு பொதுத்திடல், கல் வீடுகள், ஒரு மதுக்கடை விடுதி, சுற்றிலும் ஆடு மேயும் சரிவுகள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

கிராமத்துக்குள்ளேயே ரோமானியர் காலத்தது ஏதாவது உண்டா?

ஊருக்குள் கண்ணில் படுவதெல்லாம் பிற்காலத்தவை. கம்பளி ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும்தான் இந்த ஊருக்குப் பிழைப்பாக இருந்தன. சுரங்கம் 1970களில் மூடப்பட்டது. பழைய ஆலைக் கட்டடத்தில் 1878இல் தொடங்கிய எரிங்டன் ரே மண்பாண்டத் தொழிற்கூடம் அந்தக் காலத்தில் கழிவுநீர்க் குழாய்கள் செய்தது. பிறகு தோட்டத்துத் தொட்டிகளுக்கு மாறியது. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி, களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து, பாண்டத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படியும். பிரிட்டனில் இந்த முறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ரோமானியர்களைப் பார்க்க வந்தவர்களும் இதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஊரிலிருந்து வடக்கே சுமார் 3 கி.மீ. மேட்டில் ஏறினால் விண்டோலாண்டா வந்துவிடும். வழியிலேயே ஸ்டேன்கேட் என்ற ரோமானியச் சாலையின் தடம் இருக்கிறது. கோட்டைக்கு அருகே அந்தச் சாலையோரத்தில் ஒரு ரோமானிய மைல்கல் முழு உயரத்தோடு, நட்ட இடத்திலேயே நிற்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான ரோமானிய மைல்கற்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, அல்லது யாருடைய வீட்டுச் சுவரிலோ அடங்கிவிட்டன.

விண்டோலாண்டா ஹேட்ரியன் சுவரின் ஒரு பகுதிதானே?

இல்லை. சுவரை விட அது மூத்தது. பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தது கி.பி. 122இல், சுவர் வேலை தொடங்கியதும் அப்போதுதான். விண்டோலாண்டாவின் முதல் கோட்டை கி.பி. 85 வாக்கிலேயே எழும்பிவிட்டது. அன்று எல்லைக்காவல் என்பது ஸ்டேன்கேட் சாலையும் அதை ஒட்டிய கோட்டைகளும்தான். சுவர் கட்டிய பிறகும் விண்டோலாண்டா அதற்குப் பின்னால் படைமுகாமாகத் தொடர்ந்தது.

ஒரே கோட்டை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரு படைப்பிரிவு கிளம்பியதும் அடுத்த பிரிவு வந்து பழைய மரக் கட்டடங்களை இடித்துத் தரையோடு சமப்படுத்தி, மேலே களிமண்ணும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளும் பரப்பி, அதன்மேல் புதிதாகக் கட்டிக்கொண்டது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் குறைந்தது ஒன்பது கோட்டைகள். நாம் இன்று தரைக்கு மேலே பார்க்கும் கல் மதில் கடைசியாக வந்தவற்றில் ஒன்று, கி.பி. 213 வாக்கில் கட்டியது. அதைப் பார்த்துவிட்டு விண்டோலாண்டாவைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடக் கூடாது. இந்த இடத்தின் உயிர் காலடியில் பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அங்கே இருந்தவர்கள் ரோம் நகரத்திலிருந்து வந்தவர்களா?

பெரும்பாலும் இல்லை. சுவரைக் கட்டியவர்கள் மூன்று லீஜியன் படைகளை (ரோமானியக் குடிமக்களால் ஆன முதன்மைப் படைகளை) சேர்ந்தவர்கள். ஆனால் எல்லையில் ஆண்டுக்கணக்கில் காவல் நின்றவர்கள் துணைப்படையினர். விண்டோலாண்டாவில் இருந்த துங்கிரியர்கள் இன்றைய பெல்ஜியம் பகுதியிலிருந்து வந்தவர்கள். பட்டாவியர்கள் ரைன் நதியின் முகத்துவாரத்தில், இன்றைய நெதர்லாந்தில், பிறந்தவர்கள். பின்னால் வந்த கால் (Gaul) இனத்தவரின் படைப்பிரிவு இன்றைய பிரான்ஸ் பக்கத்தது. 25 ஆண்டு பணி முடித்தால் ரோமானியக் குடியுரிமை கிடைக்கும். பேரரசு வென்று அடக்கிய ஒரு மக்களின் பிள்ளைகளே இன்னொரு மக்களை அடக்க அனுப்பப்பட்டார்கள். இங்கே கிடைக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

எல்லோரும் சொல்லும் அந்த மர மடல்கள் என்ன?

கையடக்கமான, மிக மெல்லிய மரச் சீவல்கள். பெரும்பாலானவை 1 முதல் 3 மி.மீ. தடிமன்தான். உள்ளூர் பிர்ச், ஆல்டர் மரங்களிலிருந்து சீவி எடுத்து, கரியும் பிசினும் கலந்த மையால் எழுதி, நடுவில் மடித்து, கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நம் பனையோலை அளவுக்கே அன்றாடமான எழுதுபொருள். ஓலையில் எழுத்தாணியால் கீறுவோம், இவர்கள் பேனாவால் மை தொட்டு எழுதினார்கள்.

1973 மார்ச்சில், கோட்டையின் தென்மேற்கு மூலையில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டும்போது, ராபின் பர்லி என்ற தொல்லியலாளரின் கையில் ஈரமான மரச்சிராய் போன்ற ஏதோ ஒன்று அகப்பட்டது. இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் உட்புறத்தில் மைக்கோடுகள். நிபுணரிடம் எடுத்துப் போவதற்குள் காற்றுப் பட்டு எழுத்து மங்கிவிட்டது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்புப் படம் எடுத்த பிறகுதான் எழுத்துகள் மறுபடி தெரிந்தன. ஆலன் போமன், டேவிட் தாமஸ் என்ற இரண்டு அறிஞர்கள் அந்தக் கிறுக்கல் கையெழுத்தைப் படிக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கல்வெட்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அவசரமாக எழுதிய கைக்கடிதத்தைப் படிப்பது வேறு வேலை. இன்றுவரை 1,700க்கும் மேற்பட்ட மடல்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில விண்டோலாண்டாவிலேயே காட்சிக்கு உள்ளன.

அவற்றில் என்னதான் எழுதியிருக்கிறது?

போரைப் பற்றி எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வரலாற்றை எழுதுகிறோம் என்று நினைத்து எழுதியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அதனாலேயே எனக்கு இவை எந்த வெற்றித்தூணையும் விடப் பெரியவை.

படையின் ஆள்கணக்கு ஒன்று: துங்கிரியர் முதல் படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வெளியூரில். 337 பேர் இன்றைய கார்பிரிட்ஜில், 46 பேர் ஆளுநரின் காவலில், மற்றவர்கள் அங்கங்கே. முகாமில் இருக்கும் 296 பேரில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய் வந்தவர்கள் 10. ஆக, வேலைக்கு ஆகக்கூடியவர்கள் 265. பேரரசின் எல்லையில் ஒரு மே மாதக் காலைப்பொழுதில் உண்மையாக நின்ற ஆட்கள் அவ்வளவுதான். கோட்டை என்றால் ஆயிரம் பேர் அணிவகுத்து நிற்பார்கள் என்று படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததை இந்த ஒரு மடல் திருத்திவிடுகிறது.

ஆக்டேவியஸ் என்பவர் கேண்டிடஸ் என்பவருக்கு எழுதுகிறார்: 5,000 மோடி (ரோமானிய முகத்தல் அளவு) தானியக் கதிர் வாங்கிவிட்டேன், குறைந்தது 500 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) உடனே அனுப்பு, இல்லாவிட்டால் முன்பணமாகக் கொடுத்த 300 போய்விடும், எனக்கு மானக்கேடு. தோல் மூட்டைகள் கேட்டரிக் என்ற ஊரில் கிடக்கின்றன. சாலை மோசமாக இருப்பதால் விலங்குகளை வருத்த மனம் வராமல் நான் அங்கே போகாமல் இருக்கிறேன். வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாக இருக்காது.

மாஸ்க்லஸ் என்ற படைக்குழுத் தலைவர் தன் மேலதிகாரி செரியாலிஸைக் கிட்டத்தட்ட அரசராகவே விளித்து, நாளைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைசியில் சேர்க்கிறார்: தோழர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள். 2017இல் கிடைத்த மடல்களிலும் இதே மாஸ்க்லஸ் வருகிறார். அங்கே விடுப்புக் கேட்கிறார்.

இன்னொருவருக்கு யாரோ காலுறையும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு துண்டு. அந்தக் குளிருக்குக் காலுறை எவ்வளவு பெரிய அன்பு என்பது அங்கே ஒரு நவம்பர் காற்றில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கசப்பான மடல்களும் உண்டு. கடல் கடந்து வந்த ஒரு வியாபாரி, குற்றமற்ற தன்னைப் பிரம்பால் அடித்து ரத்தம் வரச் செய்துவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு முறையிட எழுதிய வரைவு ஒன்று கணக்குத் தாளின் பின்புறத்தில் இருக்கிறது. உள்ளூர் மக்களை, பிரிட்டன்களை, மிகவும் இளக்காரமாகக் குறிப்பிடும் ஒரு துண்டும் இருக்கிறது. அந்த மக்கள் இவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவர்கள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. மேய்ச்சல் நிலத்தையும் விளைச்சலையும் படைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த மௌனத்தையும் சேர்த்தே இந்த மடல்களைப் படிக்க வேண்டும்.

பிறந்தநாள் அழைப்பிதழ் என்று ஒன்று கேள்விப்பட்டேனே?

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது அதுதான். கி.பி. 100 வாக்கில், வேறொரு கோட்டைத் தலைவரான ஏலியஸ் ப்ரோக்கஸின் மனைவி கிளாடியா செவேரா, செரியாலிஸின் மனைவி சல்பீசியா லெபிடினாவுக்கு எழுதியது. செப்டம்பர் 11ஆம் தேதி என் பிறந்தநாள், கட்டாயம் வந்துவிடு, நீ வந்தால்தான் அந்த நாள் எனக்கு இனிக்கும், என் கணவரும் சின்னப் பையனும் உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல் என்று போகிறது கடிதம். அவ்வளவையும் ஓர் எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அதன் கீழே, கொஞ்சம் தடுமாறும் கையெழுத்தில், செவேரா தானே சில சொற்கள் சேர்த்திருக்கிறாள்: உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி, என் உயிரே, நலமாக இரு. லத்தீன் மொழியில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

அறிமுகமில்லாத நாட்டில், முகாமிலிருந்து முகாமுக்கு மாறிக்கொண்டே இருக்கும் கணவனுடன், பேசிப் பழகத் தன் நிலையில் உள்ள இன்னொரு பெண் அருகில் இல்லாத வாழ்க்கை அவளுடையது. எழுத்தரின் வரிகளை முறைப்படி படிக்கலாம். அவள் சேர்த்த வரிகளை அப்படிப் படிக்க முடியவில்லை.

குடும்பங்களும் கோட்டையில் இருந்தனவா? சாதாரணச் சிப்பாய் திருமணம் செய்யக்கூடாது என்பார்களே?

சட்டம் அப்படித்தான் இருந்தது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முடிவு வரைக்கும் சிப்பாயின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. வாழ்க்கை வேறாக இருந்தது. தலைவரின் மாளிகையில் மட்டுமல்ல, சிப்பாய்களின் குடியிருப்புகளிலும் பெண்களின் செருப்பும் குழந்தைகளின் செருப்பும் கிடைத்துள்ளன. கோட்டை வாசலுக்கு வெளியே கடை, பட்டறை, குளியலறை, மதுக்கடை என்று ஓர் ஊரே வளர்ந்திருந்தது.

மனதைக் கலக்கும் ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. 2010இல் ஒரு படைவீட்டின் தரைக்குக் கீழே ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறத்தாழ பத்து. ரோமானியர்கள் பிணத்தை ஊருக்கு வெளியேதான் புதைப்பார்கள். இந்த வயதுக் குழந்தையை வீட்டுக்குள் புதைத்திருப்பதால், மரணத்தை மறைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பல்லை ஆராய்ந்தபோது அந்தக் குழந்தை வளர்ந்தது மத்தியதரைக்கடல் பக்கம் என்று தெரிந்தது.

1,900 ஆண்டுகள் மரமும் தோலும் மக்காமல் எப்படி இருந்தன?

ஈரத்தாலும் காற்றில்லாமையாலும். மரத்தையும் தோலையும் தின்னும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். புதிய கோட்டை கட்டுகிறவர்கள் பழையதன் மேல் களிமண்ணைப் பரப்பி மூடியதும், மேட்டிலிருந்து ஊறும் தண்ணீர் கீழே தேங்கியதும் சேர்ந்து அந்த அடுக்குகளுக்கு ஒரு மூடி போட்டதுபோல் ஆகிவிட்டது. தரையில் பரப்பிய வைக்கோலும் பெரணிச் செடியும் அப்படியே பழுப்பு நிறத்தில் கிடைக்கின்றன.

மடல்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் அமைந்தது. கி.பி. 105 வாக்கில் பட்டாவியர்கள் இடம் மாறியபோது, வேண்டாத கடிதங்களைக் குவித்துத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். தீ முழுதாக எரியவில்லை. மழை வந்து அணைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். செரியாலிஸின் கடிதங்களில் பல அந்தக் குவியலிலிருந்து வந்தவை.

மடல்களைத் தவிர வேறென்ன கிடைத்தது?

செருப்புகள். 5,000க்கும் மேல். ரோமானியப் பேரரசு முழுவதிலும் ஒரே இடத்தில் இவ்வளவு கிடைத்ததில்லை. அருங்காட்சியகத்தில் அவற்றை ஒரு சுவர் நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடை பழகும் குழந்தையின் செருப்பிலிருந்து வேலைப்பாடு மிகுந்த சீமாட்டியின் செருப்பு வரை. மரத்தால் செய்த கழிப்பறை இருக்கை, குழந்தையின் விளையாட்டு வாள், பாசியால் பின்னிய பொய்முடி போன்ற தலையணி, 2017இல் கிடைத்த தோல் குத்துச்சண்டைக் கையுறைகள். ரோமானியர் காலத்துக் குத்துச்சண்டைக் கையுறைகள் வேறெங்கும் கிடைத்ததில்லை. உள்ளே விரல் முட்டிகள் பதிந்த தடம்கூட இருக்கிறது.

நம் ஊர் மிளகு அங்கே போயிருந்ததா?

போயிருந்தது. ஒரு மடலில், சிப்பாய்கள் வாங்கிய பொருள்களின் பட்டியலில், டப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரியஸ் என்று எழுதியிருக்கிறது. கருமிளகு அன்று தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்துதான் ரோமானிய உலகுக்குப் போனது. சேரர்களின் முசிறித் துறையில் யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்புவதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அங்கிருந்து பருவக்காற்றில் செங்கடல் துறைமுகங்களுக்கு, பிறகு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் நதிக்கு, படகில் அலெக்சாந்திரியாவுக்கு, அங்கிருந்து மத்தியதரைக்கடல் வழியே மேற்கே. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 7.5 கிலோ மிளகு ஓர் இந்திய மண்சாடியில் அப்படியே கிடைத்தது. அதே கடற்கரையில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்துள்ளன.

காம்பாக்ஸ் தலைவனோ செல்வனோ அல்ல, கணக்கில் பெயர் பதிந்த ஒரு சாதாரணச் சிப்பாய். கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி விலை சொல்கிறார். பேரரசின் கடைசிக் குளிர் முனையில் நின்ற ஒரு சிப்பாய்கூட வாங்கக்கூடிய பண்டமாக அது ஆகியிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

ரோமானியர்கள் போனபின் கோட்டை என்ன ஆயிற்று?

கி.பி. 410 வாக்கில் பிரிட்டன் ரோமின் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகும் விண்டோலாண்டாவில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தேவாலயம் போன்ற ஒரு கட்டடத்தின் இடிபாட்டில் கிடைத்த ஈயக் கிண்ணம், கிறிஸ்தவச் சின்னங்களும் எழுத்துகளும் நிறையக் கீறியது, 2020இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 14 துண்டுகளாகக் கிடைத்தது.

பின்னால் கோட்டைக் கல்லும் சுவர்க் கல்லும் பண்ணை வீட்டுக்கும் வேலிக்கும் தேவாலயத்துக்கும் போயின. ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சிக்குப் பிறகு அரசு போட்ட இராணுவச் சாலையின் கிழக்குப் பகுதி சுவரை இடித்துப் பரப்பிய கல்லின் மேலேயே ஓடுகிறது. இந்தப் பக்கத்துக் கல் வீடுகளின் சதுரக் கற்களை உற்றுப் பாருங்கள். சில இரண்டாம் முறை வேலைக்கு வந்தவை.

இந்த இடம் யாருக்குச் சொந்தம்?

விண்டோலாண்டா அறக்கட்டளைக்கு. 1830களில் ஆண்டனி ஹெட்லி என்ற பாதிரியார் இங்கே செஸ்டர்ஹோம் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு தோண்டிப் பார்த்தார். பிறகு சுவரின் பெரும்பகுதியைக் காப்பாற்ற நிலம் நிலமாக வாங்கிய ஜான் கிளேட்டனின் குடும்பத்திடம் இருந்தது. அந்தச் சொத்து விற்பனைக்கு வந்தபோது, 1929இல், எரிக் பர்லி என்ற இளம் தொல்லியலாளர் இதை வாங்கினார். அறக்கட்டளை 1970இல் உருவானது. எரிக்கின் மகன்கள் ராபினும் ஆண்டனியும், பிறகு ராபினின் மகன் ஆண்ட்ரூவும் என்று மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் உழைப்பு இதில் இருக்கிறது. வருகிறவர்களின் நுழைவுக் கட்டணம்தான் அகழாய்வுக்கும் பாதுகாப்புக்கும் முக்கிய ஆதாரம். ஆகவே சீட்டு விலையைப் பார்த்து யாராவது தயங்கினால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

இன்னும் எவ்வளவு தோண்ட வேண்டியிருக்கிறது? மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டால் பத்திரமாக இருக்குமே?

இன்னும் பல தலைமுறைக்கு வேலை இருக்கிறது. மண்ணுக்குள்ளேயே பத்திரம் என்பது நேற்றுவரை சரியாக இருந்த வாதம். இப்போது நிலம் காய்கிறது. கோடை வறட்சியும் கொட்டித் தீர்க்கும் மழையும் மாறி மாறி வரும்போது நீர்மட்டம் இறங்குகிறது, மண் வெடிக்கிறது, வெடிப்பு வழியே ஆக்சிஜன் இறங்குகிறது. 1,900 ஆண்டு காத்த மூடி திறந்தால் தோலும் மரமும் சில ஆண்டுகளில் மக்கிவிடும்.

மேற்கே சில கி.மீ. தள்ளி, இதே அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள மேக்னா கோட்டையில் இந்தக் கவலை மிக அதிகம். அங்கே கரிச்சேற்று நிலம் சுருங்குவதைக் கருவிகள் வைத்து அளக்கிறார்கள். 2023இல் ஐந்தாண்டு அகழாய்வு தொடங்கியதற்கு அதுவும் காரணம். 2025இல் அங்கே 32 செ.மீ. நீளமுள்ள ஒரு செருப்பு கிடைத்ததைப் பத்திரிகைகள் விந்தைச் செய்தியாகப் போட்டன. ஈரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் கிடைத்தது அது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

வயலில் நடக்கும்போது ஒரு ரோமானியக் காசு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கோட்டையும் சுவரும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அங்கே அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மற்ற இடங்களில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். புதையல் என்ற வரையறைக்குள் வருவது கிடைத்தால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தரையில் ஏதாவது தென்பட்டால் தொடாமல் அங்குள்ள பணியாளரிடம் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் காசு வெறும் உலோகம்.

அந்தப் புகழ்பெற்ற ஒற்றை மரம் இங்கேதானே இருந்தது?

ஆம், சைக்கமோர் கேப் என்ற பள்ளத்தில், விண்டோலாண்டாவுக்கு வடக்கே சுவரோரம். 2023 செப்டம்பர் 28 அதிகாலை அது அறுத்துக் கிடந்தது. அதை வெட்டிய இருவருக்கு 2025 ஜூலையில் 4 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடிமரத்திலிருந்து 2024இல் புதுத்தளிர்கள் விட்டன.

நானும் தோண்டும் வேலையில் சேரலாமா?

சேரலாம். ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தன்னார்வலர்கள்தான் பெரும்பாலான மண்வேலையைச் செய்கிறார்கள். முன்னனுபவம் தேவையில்லை, கட்டணம் உண்டு, இடங்கள் முந்தைய ஆண்டே நிரம்பிவிடும். தங்குமிடத்துக்கு பார்டன் மில், ஒன்ஸ் ப்ரூட், ஹால்ட்விசில் பக்கம் பார்க்கலாம். மழையில், முழங்கால் சேற்றில், சக்கர வண்டி தள்ளும் வேலை என்பதை நினைவில் வையுங்கள்.

எப்படிப் போவது? அரை நாள்தான் இருந்தால் எதைப் பார்ப்பது?

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து கார்லைல் பாதையில் பார்டன் மில் ஒரு மணி நேரத்துக்குள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றமான சாலை. நடக்க முடியாதவர்கள் ஹெக்ஸாமிலோ ஹால்ட்விசிலிலோ இறங்கி, சுவரோரம் ஓடும் ஏ.டி. 122 பேருந்தைப் பிடிக்கலாம். பேருந்துக்கு அந்த எண்ணை வைத்ததே ஹேட்ரியன் வந்த ஆண்டை நினைத்துத்தான். குளிர்காலத்தில் பேருந்தும் குறையும், கோட்டை திறந்திருக்கும் நேரமும் குறையும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையிலும் மழைச்சட்டை அவசியம்.

அரை நாள் என்றால் சுவரை விட்டுவிடுங்கள். நேராக அருங்காட்சியகத்துக்குப் போய் மடல்களையும் செருப்புச் சுவரையும் பாருங்கள். பிறகு கோட்டைக்குள் தலைவரின் மாளிகை இருந்த இடத்துக்குப் போங்கள். அகழாய்வு நடக்கும் பருவமாக இருந்தால் குழியோரம் நின்று கேள்வி கேளுங்கள்; மண்ணோடு இருப்பவர்கள் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். குழந்தைகள் கூட இருந்தால் மாதிரிக்குக் கட்டிய மரக்கோபுரத்தில் ஏற்றிவிடுங்கள். முழு நாள் இருந்தால் மதியத்துக்கு மேல் ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கும் போகலாம். அங்கே சுவரும் சிப்பாய்களின் பொதுக் கழிப்பறையும் நன்றாக எஞ்சியிருக்கின்றன, ஆனால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேடேற வேண்டும் என்பதால் முதியவர்களுக்கு நேரம் சேர்த்து ஒதுக்குங்கள்.